ஒற்றின் சொல்லும் அரசின் வாளும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில் உப்பளங்களை ஒட்டி அமைந்த ஆறுமுகநேரியைச் சுற்றிச் சிறிது தொலைவுக்குள்ளேயே, அரசாட்சியின் அறத்தைப் பற்றி நெடுங்காலம் சிந்தித்த பல மரபுகள் வேர்கொண்டிருக்கின்றன. தெற்கே திருச்செந்தூரில் சைவம். அடுத்த ஊரான காயல்பட்டினத்தில் பல நூற்றாண்டுகளாகத் தொடரும் இஸ்லாமியக் கல்வி. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் போர்த்துக்கீசியர் காலம் தொட்டு நிலைத்த கத்தோலிக்கம். வடக்கே, கடல் விலகிப் போனதால் இன்று உள்நாட்டுச் சிற்றூராகிவிட்ட கொற்கையில் பாண்டியரின் துறைமுக நினைவு. இவை கடவுளைப் பற்றியும் வீடுபேற்றைப் பற்றியும் ஒன்றோடொன்று உடன்படுவதில்லை. ஆனால் ஒரு கேள்வியை இவை அனைத்தும் எழுப்பியிருக்கின்றன: தன் கண்ணால் காணாத ஒன்றைப் பிறர் சொல்லக் கேட்டு, அந்தச் சொல்லை நம்பி, மனிதரின் உயிரையும் உரிமையையும் தொடும் முடிவை அரசு எடுக்கலாமா? எடுக்கலாம் எனில், எத்தகைய முடிவுக்கு எவ்வளவு உறுதி வேண்டும்?

பழந்தமிழ் நூல்கள் ஒற்று என்றும் இன்றைய நிர்வாகம் உளவுத் தகவல் என்றும் குறிப்பது ஒன்றையே: பிறர் மறைத்து வைத்திருப்பதை, அவர் அறியாமல் அறிந்து வந்து, முடிவெடுப்பவரிடம் சேர்ப்பது. மற்ற அறிவுத் துறைகளில் ஆராயப்படும் பொருள் தன்னை வேண்டுமென்றே மறைத்துக் கொள்வதில்லை; ஆராய்பவனை ஏமாற்றத் திட்டமிடுவதும் இல்லை. உளவுத் துறையிலோ அறியப்படவேண்டியவனும் அறிய முயல்பவனும் ஒருவரை ஒருவர் ஏய்க்க முயல்கிறார்கள். ஆகவே இங்கே ஐயம் என்பது இன்னும் கொஞ்சம் முயன்றால் தீர்ந்துவிடக்கூடிய குறையன்று. அத்துறையின் இயல்பிலேயே பிறந்தது. செயற்கைக்கோள்களும் அலைபேசி ஒட்டுக்கேட்பும் வந்தபின்னும் இந்த நிலை மாறவில்லை. ஒருவன் எங்கே இருக்கிறான், யாரோடு பேசினான் என்பதைக் கருவி காட்டிவிடும். அவன் என்ன செய்ய நினைக்கிறான், நாளை மனம் மாறுவானா என்பதை அது காட்டாது.

அறிவின் வாயில்களை ஆராயும் துறையைத் தமிழ் மரபு அளவை என்று அழைத்தது. ஒரு பொருளை அளந்து அறிவதற்குக் கருவி வேண்டுவது போல, உண்மையை அறிவதற்கும் கருவிகள் வேண்டும் என்பது அதன் அடிப்படை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், வேறு நெறியினர் கூறும் பத்து வகை அளவைகளையும் எடுத்துரைத்து, அவை யாவும் மூன்றில் அடங்கும் என்று முடிவு செய்கிறது. நேரே அறிவது காட்சி; புகையைக் கண்டு தீயை உணர்வது போல ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அறிவது கருதல்; நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. இவற்றோடு அறிவைக் கெடுக்கும் இரண்டு குற்றங்களையும் மரபு சுட்டுகிறது. தொலைவில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று துணிய முடியாமல் நிற்பது ஐயம். ஒன்றை மற்றொன்றாகவே துணிந்துவிடுவது திரிபு. திரிபுக்கு இந்திய தத்துவ நூல்கள் வழிவழியாகக் காட்டும் எடுத்துக்காட்டு இந்தக் கடற்கரைக்கு மிக நெருக்கமானது: சிப்பியின் உட்புறப் பளபளப்பைக் கண்டு வெள்ளி என்று கொள்வது. ஐயத்தில் இருப்பவன் தனக்குத் தெரியவில்லை என்பதையாவது அறிவான். திரிபில் இருப்பவனுக்கு அந்த அறிவும் இல்லை. அரசுக்கு ஆபத்தானது ஐயத்தைவிடத் திரிபே என்பதை இங்கேயே குறித்துக் கொள்ளலாம்.

இந்த மூன்றில் உளவுத் தகவல் எந்த வகையைச் சேர்ந்தது? அரசன் நேரில் காணவில்லை. ஆகவே காட்சி அன்று. ஒருவர் வந்து சொல்கிறார். ஆகவே தோற்றத்தில் அது உரை. ஆனால் உரை அளவையாவதற்குச் சைவ சித்தாந்தம் விதிக்கும் தகுதி கடுமையானது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்கள் தீண்டாத இறைவன் அருளியது என்பதாலேயே ஆகமம் ஐயமற்ற உரையாகிறது. மலத்தோடு கூடிய உயிரின் சொல்லில் விருப்பு, வெறுப்பு, அச்சம், புகழாசை ஆகியவற்றின் கலப்பு இருந்தே தீரும். உலகியலில் இவ்வளவு தூய்மையை எதிர்பார்க்க இயலாது என்று தளர்த்திக் கொண்டாலும், சொல்பவன் பொய்யாமையில் பழகியவனாகவாவது இருக்க வேண்டும். ஒற்றனோ மாற்று வேடத்தில் திரிந்து, கேட்டவரிடமெல்லாம் பொய் சொல்லிப் பழகியவன். அது அவன் தொழில். அவனுக்குச் செய்தி தருபவனும் பெரும்பாலும் தன் கூட்டத்தாருக்கு உண்மையாக இல்லாதவனே. இப்படி இரண்டு கை மாறி வந்த சொல்லை, நம்பத்தக்கவர் உரை என்னும் தட்டில் வைக்கவே முடியாது.

திருவள்ளுவர் இந்தச் சிக்கலை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு ஒற்றாடல் என்னும் 59ஆம் அதிகாரம் சான்று. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆளச் சொல்கிறார். அவ்வாறு அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் மட்டுமே தெளியச் சொல்கிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் மூவர் ஒப்புதலை வேண்டுகிறது. இந்த விதியின் நுட்பம் எண்ணிக்கையில் இல்லை. மூவரில் எவரையும் வள்ளுவர் நம்பச் சொல்லவில்லை என்பதே அதன் நுட்பம். தொடர்பற்ற மூவர் ஒரே பொய்யைத் தற்செயலாகச் சொல்ல வாய்ப்பு அரிது. எனவே ஒத்திருத்தலுக்குக் காரணம் நிகழ்ச்சி உண்மையாக இருப்பதே என்று அரசன் ஊகிக்கிறான். நம்பத்தகாத உரைகளை அடுக்கி, அவற்றின் ஒப்புமையைப் புகையாகக் கொண்டு, உண்மை என்னும் தீயை அவன் கருதல் வழியே அடைகிறான். காயல்பட்டினத்தின் மதரசாக்களில் கற்பிக்கப்படும் ஹதீஸ் கலையிலும் இதே அடிப்படை உண்டு. நபிமொழியைக் கொண்டுவந்த அறிவிப்பாளர் வரிசை ஒவ்வொன்றும் ஆராயப்படும். கூடிப் பேசிப் பொய்யுரைக்க இயலாத அளவுக்குப் பலர், பல வழிகளில் அறிவித்த செய்தியே முதவாத்திர் என்னும் உயர்ந்த உறுதிநிலையைப் பெறும்.

மூவர் மூவராகவே இருந்தால்தான் இந்த ஏற்பாடு பயன் தரும். ஒரே ஊற்றிலிருந்து மூவரும் நீர் மொண்டிருந்தால், மூன்று அறிக்கைகள் இருந்தாலும் சாட்சி ஒன்றே. 2003 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஈராக்கில் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் இருப்பதாகப் பல சான்றுகளை அடுக்கினார். அந்தக் குற்றச்சாட்டின் பெரும்பகுதி ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த ஓர் ஈராக்கியர் சொன்னதையே சார்ந்திருந்தது என்பதும், அவரை அமெரிக்க அதிகாரிகள் அதற்குமுன் முறையாக விசாரித்ததே இல்லை என்பதும், அவர் சொன்னது பொய் என்பதும் பின்னர் வெளிப்பட்டன. அதற்குள் போர் தொடங்கி, நாடு சிதைந்துவிட்டது. ஒப்புமையைச் சரிபார்ப்பதற்கு முன் ஊற்றின் வேறுபாட்டைச் சரிபார்க்கவேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த விதிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியலாகாது என்பதன் உட்பொருள் அதுவே.

செய்தி உண்மையாகவே இருந்தும் அதன் பொருளை உணர்வதில் பிழை நேரலாம். விவிலியத்தின் எண்ணிக்கை நூல் 13, 14ஆம் அதிகாரங்களில், கானான் நாட்டை வேவு பார்க்க மோசே அனுப்பிய பன்னிருவரும் ஒரே நாட்டை ஒரே காலத்தில் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறார்கள். நிலம் வளமானது, நகரங்கள் அரண் மிக்கவை, மக்கள் வலிமையானவர்கள் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. அந்த நாட்டை வெல்ல முடியாது என்று பதின்மரும், முடியும் என்று காலேப், யோசுவா ஆகிய இருவரும் சொல்கிறார்கள். விவிலியத்தின் தீர்ப்பு அந்த இருவர் பக்கம். கண்டதில் ஒத்திருந்த பன்னிருவர் கருதியதில் பிரிந்தார்கள். அச்சம் பெரும்பான்மையின் கணிப்பை நடத்தியது. கார்கில் ஊடுருவல் குறித்து ஆராய 1999இல் கே. சுப்ரமணியம் தலைமையில் அமைக்கப்பட்ட குழுவும், வெவ்வேறு அமைப்புகளிடம் சிதறிக் கிடந்த துணுக்குத் தகவல்கள் ஒன்றாகச் சேர்த்துப் பொருள் காணப்படாமையைக் குறையாகச் சுட்டியது. அந்த மலைப்பகுதியில் பெரிய அளவில் ஊடுருவல் நடக்காது என்ற எண்ணம் முன்பே மனத்தில் படிந்திருந்தால், கைக்கு வரும் செய்தி அந்த எண்ணத்துக்கு ஏற்பவே வாசிக்கப்படும்.

இந்தப் பிழைகளெல்லாம் ஒருங்கே கூடிய நிகழ்ச்சியைத் தமிழ் இலக்கியம் தன் நடுவிலேயே வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலன் கையில் வேறொரு சிலம்பைக் கண்டு, திருடன் அகப்பட்டான் என்று மதுரையில் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சொல்கிறான். செய்தி சொன்னவன் ஒருவன், அவனே குற்றவாளி, ஆகவே தகவல் தருவதில் அவனுக்குத் தன்னலம் உண்டு. கேட்ட அரசனோ ஊடல் கொண்ட தேவியைக் காண விரைந்து கொண்டிருந்தான். இரண்டாவது ஒற்று இல்லை, விசாரணை இல்லை. காவலரிடம் ஆணை போய்ச் சேர்கிறது.

அதன்பின் கொலைக்களத்தில் நடப்பதை இளங்கோவடிகள் நிதானமாகக் காட்டுகிறார். உளவுத் தகவலின் இயல்பை அறிய விரும்புவோர் கூர்ந்து வாசிக்கவேண்டிய பகுதி அது. கோவலனின் தோற்றத்தைப் பார்த்த காவலன் ஒருவன், இவன் கொல்லத்தக்க கள்வன் அல்லன் என்கிறான். ஆணையின் கீழ்ப்படியில் நிற்பவன், தன் கண்ணால் கண்டதைக் கொண்டு எழுப்பும் நேர்மையான ஐயம் அது. பொற்கொல்லன் அதை மறுக்கும் முறை வியப்புக்குரியது. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வரின் துணைகள் எட்டை அவன் விரித்துரைக்கிறான். கள்வன் கள்வனாகத் தோன்றாமல் இருப்பதே அவன் திறமை என்பது அவன் வாதத்தின் சாரம். குற்றத்தின் அடையாளம் காணப்பட்டால் அது சான்று. காணப்படாவிட்டால் மறைக்கும் வல்லமைக்குச் சான்று. இந்த வாதத்துக்குள் அகப்பட்டவனுக்கு வெளியேற வழியே கிடையாது. எந்த உண்மையாலும் பொய்யாக்க முடியாத குற்றச்சாட்டு அது. ஈராக்கில் ஆயுதங்கள் கண்டுபிடிக்கப்படாதபோது, அவை மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லப்பட்டதும் இதே வாதம்தான். காவலர் தயங்கி நிற்கையில், அறிவற்ற ஒருவன் வாளை ஓங்கிக் கோவலனை வெட்டி விடுகிறான்.

சரிபார்ப்பு அதற்குப் பிறகே நடக்கிறது. தேவியின் சிலம்பில் உள்ள பரல் முத்து என்று அரசன் சொல்ல, கோவலனின் மனைவி கண்ணகி தன் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டுகிறாள். எவ்வளவு எளிய சோதனை! கோவலன் உயிரோடு இருந்தபோதே சிலம்பைக் கொண்டுவரச் செய்து பரலைப் பார்த்திருந்தால், கதை அங்கேயே நீதியாக முடிந்திருக்கும். பாண்டியரின் கொற்கை புகழ் பெற்றதே முத்தினால். முத்தையும் மாணிக்கத்தையும் வேறுபடுத்தி அறிய அந்த அரசவையில் ஆளா இல்லை? ஆராயாத அரசன் என்று கண்ணகி அவன் முகத்துக்கு நேரே சாற்றும் குற்றம், இரட்டைக் காப்பியத்தின் மறுபாதியான மணிமேகலை தன் 27ஆம் காதையில் வரிசைப்படுத்தும் அளவைக் குற்றங்களுள் ஒன்று. தேராது தெளிதல் என்று அது அங்கே பெயர் பெறுகிறது. ஆராயாமலே ஒன்றை முடிவாகக் கொள்ளுதல் என்பது பொருள். காப்பியம் அதை அறிவின் குற்றமாக மட்டும் விடாமல் கொலைக்குற்றமாகவே தீர்க்கிறது. பாண்டியனும், தன்னை ஏமாற்றினார்கள் என்று சொல்லித் தப்பவில்லை. கள்வன் தானே என்று ஏற்று அரியணையில் உயிர் விடுகிறான்.

கதையின் பின்னிணைப்பு ஆறுமுகநேரிக்கு அண்மையில் நிகழ்கிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. அதன்பின் மழை பெய்தது என்றும் சொல்கிறது. ஆயினும், ஒருவன் சொன்ன பொய்க்காக அவன் குலத்தையே பொறுப்பாக்கிய இந்தச் செயல் முதற்பிழையைக் கழுவவில்லை. அதை ஆயிரம் மடங்காக்கியது என்றே சொல்லவேண்டும். கோவலன்மேல் ஒரு பொய்ச்சான்றாவது இருந்தது. அந்த ஆயிரவர்மேல் அதுவும் இல்லை. உளவுப் பிழைக்குப் பின் அரசுகள் செய்யும் இரண்டாம் பிழை பெரும்பாலும் இத்தகையதே.

பாண்டியனின் பிழைக்கு நேர் எதிரான பிழை, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் 2019இல் நடந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் நாள் இலங்கையின் அரச உளவுச் சேவைக்கு இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. சஹ்ரான் ஹாஷிம் என்பவரின் குழு தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடுகிறது என்றும், கத்தோலிக்கத் தேவாலயங்களும் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகமும் இலக்குகளாகலாம் என்றும் அது கூறியது. 9ஆம் நாள் அந்தச் செய்தி காவல்துறைத் தலைவருக்குக் கடிதமாகச் சென்றது. 16ஆம் நாள் காத்தான்குடிக்கு அருகே வெடி வைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று வெடித்தது. இரண்டாவது சாட்சியாக அதைக் கொண்டிருக்கலாம். தாக்குதலுக்கு முந்தைய நாளும் எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் ஆடம்பர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தூத்துக்குடிக் கரையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் சென்று குடியேறிய பரதவரின் வழியினருக்கு அந்தோனியார் திருத்தலம் நெருக்கமான வழிபாட்டிடம். இக்கரையின் ஊர்களில் அந்த இழப்பு அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் கேட்கப்படவில்லை.

கையில் இருந்த தகவல் வழக்குமன்றத்தில் ஒருவரைத் தண்டிக்கப் போதுமானதாக இருந்திருக்காது. நாள் தெரியாது, ஆட்கள் எல்லோரையும் தெரியாது, செய்தியின் ஊற்றும் வேற்று நாட்டுடையது. ஆனால் அன்றைய வழிபாட்டுக்கு முன் ஆயர்களுக்கு ஒரு சொல் சொல்லவும், தேவாலய வாசலில் பைகளைச் சோதிக்கவும் அது போதாதா? உறுதியாகத் தெரியவில்லை என்பது அங்கே செயலின்மைக்குக் காரணமாக்கப்பட்டது. 2018 அக்டோபர் அரசியல் நெருக்கடிக்குப் பின் பிரதமர் பாதுகாப்புப் பேரவைக்கு அழைக்கப்படாமலே இருந்தார். தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றார் குடியரசுத் தலைவர். 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், தடுக்கத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று கண்டு, முன்னாள் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும், காவல்துறை, உளவுத்துறை, பாதுகாப்பு அமைச்சக உயர் அதிகாரிகளும் தத்தம் பங்கைத் தரவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தெரியாது என்பது ஆள்வோருக்கு விடையாகாது என்று நீதிமன்றமே சொன்ன தீர்ப்பு அது. தாக்குதலுக்குப் பின்னோ கொற்கையின் பழைய பிழை திரும்பி வந்தது: அவ்வாண்டு மே மாதம் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில், குற்றத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

மதுரையையும் கொழும்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உளவுத் தகவலுக்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்ற கேள்வியின் வடிவமே பிழை என்பது தெரிகிறது. எந்தச் செயலுக்காக என்று சொல்லாமல் உறுதியின் அளவைச் சொல்ல முடியாது. காப்பதற்கு ஐயமே போதும். அழிப்பதற்குத் தெளிவும் போதுமா என்று மீண்டும் எண்ணவேண்டும். காவலில் தகவல் பொய்த்தால் சில காவலரின் ஒரு நாள் உழைப்பு வீணாகும். கொலையில் தகவல் பொய்த்தால் போன உயிரை மீட்க எந்த அரசாலும் ஆகாது. நெடுஞ்செழியன் காவலுக்கு மட்டுமே போதுமான ஒரு சொல்லைக் கொலைக்குப் போதுமானதாக்கினான். 2019இல் கொழும்பில், காவலுக்குத் தாராளமாகப் போதுமான சொல், கொலைத்தண்டனைக்கு வேண்டிய உறுதி இல்லை என்பது போல ஒதுக்கப்பட்டது. குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான அல்-ஹுஜுராத், நெறி தவறியவன் செய்தி கொண்டுவந்தால் ஆராயாமல் செயல்பட்டு ஒரு மக்களுக்குத் தீங்கு செய்து, பின்பு வருந்த நேரிடலாம் என்று 6ஆம் வசனத்தில் எச்சரிக்கிறது. செய்தியைக் கேட்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. தீங்கு விளையும் இடத்தில் ஆராய்ச்சியைக் கட்டாயமாக்குகிறது. அதே அத்தியாயத்தின் 12ஆம் வசனம் மிகையான ஐயத்தையும் பிறரைத் துருவித் துருவி வேவு பார்ப்பதையும் விலக்குகிறது. இரண்டையும் சேர்த்து வாசிப்பதே நேர்மையான வாசிப்பு.

பிழையின் விலை பணமாக மட்டும் இருக்கும் இடங்களில் அரசுகள் ஐயத்தை ஒப்புக்கொண்டே நடந்திருக்கின்றன என்பதற்கு இதே கடலே சான்று. முத்துக்குளிப்புக்கு முன் ஆங்கிலேய அரசு முத்துப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, அதன் பின்னரே அவ்வாண்டு குளிப்பு நடத்துவதா என்று முடிவு செய்தது. அப்படியும் பிழை நேர்ந்தது: 1905இல் இலங்கைப் பக்கத்தில் கிடைத்த பெரும் வருவாயைக் கண்டு, மறு ஆண்டே ஒரு நிறுவனம் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது, சிப்பிகள் அற்றுப்போய்ச் சில ஆண்டுகளில் அது நொடித்தது. தூத்துக்குடியிலும் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடலுக்கடியில் கிடப்பதை அறிவதில் இவ்வளவு தயக்கம் காட்டிய அரசு, மனித மனத்துக்கடியில் கிடப்பதை அறிந்துவிட்டதாக எளிதில் நம்பியது என்பது வருத்தத்துக்குரியது.

காவல் என்றும் அழிப்பு என்றும் பிரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாது. காவல் என்ற பெயரிலேயே தண்டனை நடக்கும் இடங்கள் உண்டு. தடுப்புக் காவல் அத்தகையது. இனிமேல் குற்றம் செய்யக்கூடும் என்ற கணிப்பின்பேரில் ஒருவரை வழக்கு விசாரணையின்றிச் சிறையில் வைப்பதே தடுப்புக் காவல். இந்திய அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு இதற்கு இடம் தருகிறது; பொதுநலனுக்கு எதிரானவை என்று அதிகாரி கருதும் உண்மைகளைக் காவலில் உள்ளவருக்குத் தெரிவிக்காமல் இருக்கவும் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டம் என்று அறியப்படும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒருவரை ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். அதிகாரியின் மனநிறைவே இங்கே அடிப்படை. தன்மேல் சொல்லப்பட்ட செய்தியை முழுமையாக அறிய இயலாதவர் அதை எப்படி மறுப்பார்? கோவலனுக்கும் தன்மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கு விடை சொல்லும் வாய்ப்பு தரப்படவில்லை. அடைக்கப்பட்டவருக்குப் போகும் காலம் திரும்பி வராதது. ஆகையால் இதைக் காவலின் தட்டில் அன்று, தண்டனையின் தட்டில் வைத்தே எடைபோடவேண்டும்.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்தது இன்னொரு வகை. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆம் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் திரள்வார்கள் என்பது மறைபொருளே அன்று, ஊரறிந்த செய்தி. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. உளவுப் பிரிவின் முன்னறிவிப்பு இருந்தும் பொறுப்பில் இருந்தோர் மெத்தனமாக இருந்ததையும், ஓடிக்கொண்டிருந்தவர்கள்மீது சுடப்பட்டதையும் அது பதிவு செய்தது. இங்கே தகவல் குறைவு ஒரு காரணமே அன்று. காப்பதற்காகப் பயன்பட வேண்டிய அறிவு பேச்சுவார்த்தைக்கும் முன்னேற்பாட்டுக்கும் பயன்படாமல் போய், கடைசியில் துப்பாக்கியே முடிவு செய்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார், அரசன் உயிர்களுக்கு வரும் ஐந்து அச்சங்களை நீக்கவேண்டும் என்று மனுநீதிச் சோழன் வாயிலாகச் சொல்கிறார்: அரசனால் வருவது, அவன் பணியாளரால் வருவது, பகைவரால் வருவது, கள்வரால் வருவது, பிற உயிர்களால் வருவது. உளவு அமைப்புகள் இவற்றுள் பின்னவற்றையே நோக்குகின்றன. சேக்கிழாரோ முதலிரண்டையும் பட்டியலின் தலையில் வைத்திருக்கிறார். ஆளும் கையிலிருந்தே வரும் அச்சத்தை ஆட்சிக்குத் தெரிவிக்கும் ஒற்று எது என்ற கேள்விக்கு இன்றைய நிர்வாகத்தில் தெளிவான விடை இல்லை.

ஒற்றாடலில் உள்ள மற்றொரு நெருடலையும் தவிர்த்துப் போக இயலாது. பொய்வேடத் துறவியைக் கூடா ஒழுக்கம் என்னும் அதிகாரத்தில் கடுமையாகப் பழித்த அதே வள்ளுவர், ஒற்றன் துறவி வேடத்தில் செல்வதை ஏற்கிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் அவர் வகுத்த விதியைக் கொண்டு இதற்கு அமைதி காணலாம். ஆனால் அந்த விதி ஒற்றனுக்கு இசைவு தருவதோடு ஒரு கட்டையும் போடுகிறது: அவன் பொய்யால் குற்றமற்ற ஒருவருக்குத் தீங்கு விளைந்தால், அது பொய்யாகவே நின்றுவிடும். நன்மை விளையுமா என்பது பொய் சொல்லும் நேரத்தில் தெரியாது. ஆகவே ஒற்றனும் அவனை அனுப்பியவனும் அறத்தின் முன் கடனாளியாகவே நிற்கிறார்கள். விளைவு வந்த பின்னரே கணக்குத் தீரும்.

வள்ளுவர் அந்த அதிகாரத்தைத் தொடங்கும்போதே, ஒற்றையும் புகழ்பெற்ற நூலையும் அரசின் இரண்டு கண்களாக வைக்கிறார். உலகில் என்ன நடக்கிறது என்பதை ஒற்று சொல்லும். அறிந்ததைக் கொண்டு எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை நூல் சொல்லும். இன்றைய ஆட்சியில் நூல் என்பது சட்டமும் அதைக் காக்கும் மன்றங்களும். மத்திய உளவு அமைப்பான ஐ.பி. 1887ஆம் ஆண்டு முதலும், வெளிநாட்டு உளவுக்கான ரா அமைப்பு 1968 முதலும் இயங்கி வருகின்றன. இவற்றின் அதிகாரத்தையும் பொறுப்பையும் வரையறுத்து, நாடாளுமன்றக் கண்காணிப்பின் கீழ்க் கொண்டுவர 2011இல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அத்தகைய சட்டம் இந்தியாவில் இன்றுவரை இயற்றப்படவில்லை.